‘உண்மையில் நடந்ததா?’: இட்டிக்கோராவும் எல்லைப்புறத் தமிழ் வாசகரும்

புதினம் ஒன்றைப் படித்து முடித்தவர் அதன் அமைப்பு, பாத்திரங்கள், நடை ஆகியன பற்றிப் பேச வேண்டும் என்று திறனாய்வாளர் எதிர்பார்ப்பது வழக்கம். ஆனால் சமய வரலாற்றையும் கற்பனையையும் கலந்து எழுதப்பெறும் மர்ம நாவல்களைப் படித்தவர் பெரும்பாலும் முதலில் கேட்பது ‘இது உண்மையில் நடந்ததா?’ என்பதே. இவ்வினாவைப் பாமரத்தனம் என்று ஒதுக்குவது எளிது. அவ்வாறு ஒதுக்குவது தவறு என்பதும், இவ்வினாவை வாசகர் மனத்தில் எழுப்புவது பெரிதும் மொழியே என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். இவற்றை டி. டி. ராமகிருஷ்ணன் மலையாளத்தில் எழுதி 2009-இல் வெளிவந்த ‘ஃபிரான்சிஸ் இட்டிக்கோரா’ என்னும் நாவலைக் கொண்டு விளக்க முயல்கின்றேன்.

இந்நாவலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் திருச்சூர் மாவட்டத்தில் குன்னங்குளத்தை அடுத்த எய்யால் என்னும் ஊரினர். பாலக்காட்டு இரயில்வே கோட்டத்தில் தலைமைக் கட்டுப்பாட்டாளராகப் பணிபுரிந்தவர். ஷோபாசக்தியின் ‘ம்’ நாவலை மலையாளத்தில் பெயர்த்தவர். தமிழறிந்த மலையாள எழுத்தாளர் ஒருவரின் நாவலை, மலையாளமறிந்த தமிழர் எவ்வாறு படிக்கின்றனர் என்பது மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படும் செய்தி. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் வாழும் தமிழருள் பலர் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள். அவர்கள் இந்நாவலை மூலத்திலேயே படிக்கின்றனர். ஈண்டுக் குறிப்பன இவ்வட்டாரத்தில் நான் உரையாடிய சிலரின் கருத்துகளே, கணக்கெடுப்பு அன்று. நாவலின் தமிழாக்கத்தை மதிப்பிடுவதும் என் நோக்கம் அன்று.

நாவலின் கதை சுருங்கக் கூறத் தக்கதன்று. வேண்டிய அளவு மட்டும் கூறலாம். பதினைந்தாம் நூற்றாண்டில் குன்னங்குளத்திலிருந்து மிளகு வாணிகம் செய்து உலகைச் சுற்றிய இட்டிக்கோரா என்பவர், கேரளக் கணித அறிவை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார் என்பது அதன் ஓர் இழை. அவர் வழியினர் தம் மூதாதையை வழிபடும் மறைவான கூட்டமாக இன்றும் வாழ்கின்றனர் என்பது மற்றோர் இழை. நியூயார்க்கில் வாழும் சேவியர் இட்டிக்கோரா, ஈராக்கில் அமெரிக்கப் படையாளாக இருந்து கொடுமை புரிந்தவன், நரமாமிசம் உண்பவன். தன் வேரைத் தேடிக் கொச்சிப் பக்கம் கண் திருப்புகின்றான். இவற்றுக்கு இடையே அலெக்சாந்திரியாவில் 415-இல் கொல்லப்பட்ட கணித அறிஞர் ஹைபேஷியாவும் வருகின்றார்.

இவற்றுள் உண்மை எது? மாதவர் உண்மை, நீலகண்ட சோமயாஜியின் ‘தந்திர சங்கிரகம்’ உண்மை, பதினாறாம் நூற்றாண்டில் சேஷ்டதேவர் மலையாளத்திலேயே இயற்றிய ‘யுக்திபாஷை’ உண்மை. நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்கும் முன்னரே முடிவிலாத் தொடர்களை இவர்கள் கண்டனர் என்பதை 1830களில் சார்லஸ் விஷ் என்னும் ஆங்கிலேய அலுவலர் எழுதியும், நெடுங்காலம் உலகம் கவனிக்கவில்லை. இவ்வறிவு ஐரோப்பாவுக்குச் சென்றிருக்கக் கூடும் என்று வாதிடும் ஆய்வாளர் உளர். ஆயினும் நேரடியான ஆவணச் சான்று இதுவரை கிடைக்கவில்லை. சான்று இல்லாத அந்த இடைவெளியில்தான் நாவலாசிரியர் தம் வணிகரைக் கொண்டு வந்து நிறுத்துகின்றார். இடைவெளி உண்மையானது, அதில் நிற்கும் ஆள் கற்பனை.

சித்தூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் கூறியது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. “குன்னங்குளத்துக்கே போய்க் கேட்டேன். அப்படி ஒரு கூட்டம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். இல்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னதால்தான் எனக்குச் சந்தேகம் வலுத்தது” என்றார். சிரிக்கத் தோன்றும். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது சிரிப்புக்கு உரியதன்று. 1599-இல் உதயம்பேரூர்ப் பேரவை சுரியானிக் கிறித்தவரின் நூல்கள் பலவற்றை எரிக்குமாறு கட்டளையிட்டதை அவர் நினைவூட்டினார். “எரித்த சுவடியில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?” இல்லாத சான்று சான்றாகாது என்பது வரலாற்று நெறி. எனினும் சான்று அழிக்கப்பட்டது என்பதே சான்றுடன் தெரிந்த ஒரு நிலத்தில், வாசகர் நாவலை நம்ப முற்படுவதற்கு அறியாமை மட்டுமே காரணம் ஆகாது.

மேலும், நூலொன்று ஊரை உண்டாக்குவது இவ்வெல்லைப்புறத்தார்க்குப் புதிதன்று. பாலக்காட்டுக்கு அருகிலுள்ள தஸ்ராக் என்னும் சிற்றூருக்கு, ஓ. வி. விஜயனின் கசாக்கைத் தேடி வருவோர் இன்றும் பலர். இடுக்கியின் எல்லையில் குமுளிக்கு மேலுள்ள மங்கலதேவிக் கோயில் ஆண்டுக்கொரு நாள், சித்திரை முழுநிலவன்று, இரு மாநிலக் காவலுடன் திறக்கப்படுகின்றது. அதனைக் கண்ணகி கோட்டம் என்று கொண்டு மலையேறுவோர்க்குச் சிலப்பதிகாரம் காப்பியம் மட்டுமன்று, சான்றாவணமும் ஆகும். அவர்களிடம் ‘இலக்கியம் வேறு, வரலாறு வேறு’ என்று பாடம் நடத்துவது பயனற்றது.

ஒப்புநோக்கத் தக்கது டான் பிரௌனின் ‘டா வின்சி கோட்’ (2003). அந்நாவலின் தொடக்கத்தில் ‘உண்மை’ என்னும் தலைப்பிட்ட ஒரு பக்கம் உண்டு. சீயோன் மடம் 1099-இல் தோன்றிய உண்மையான மறைவமைப்பு என்று அப்பக்கம் கூறும். உண்மையில் அது 1956-இல் பிரான்சில் பியேர் பிளான்டார் என்பவரும் நண்பரும் பதிவு செய்த சங்கம். அதற்குப் பழமை கற்பித்த தாள்கள் பாரிஸ் நூலகத்தில் பின்னர் கொண்டு சேர்க்கப்பட்டவை. ஆக, புனைவின் வாயிலிலேயே ‘உண்மை’ என்ற பலகை. 2006-இல் அதன் திரைப்படம் இந்தியாவுக்கு வந்தபோதோ, எல்லாம் கற்பனை என்னும் அறிவிப்புடனேயே தணிக்கைக் குழு அனுமதித்தது. அவ்வறிவிப்பு இருந்தும் தமிழ்நாட்டு அரசு படத்தை நிறுத்திவைத்தது. அவ்வாணையைச் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டில் நீக்கியது. பலகையை எப்பக்கம் திருப்பி மாட்டினாலும் வாசகரின் வினா தீர்வதில்லை என்பதே இதிலிருந்து நான் பெறும் செய்தி. வினா பலகையிலிருந்து எழவில்லை, வாக்கியங்களிலிருந்து எழுகின்றது.

வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் ‘வந்தார்’ என்பதற்கும் ‘வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அனைவரும் அறிந்தது. ‘ஆம்’ என்னும் இடைச்சொல் செய்தியின் பொறுப்பைக் கூறுவோனிடமிருந்து விலக்கி, சொன்ன எவரோ ஒருவர் மேல் ஏற்றுகின்றது. மலையாளத்தில் இப்பணியை ‘அத்ரே’ செய்கின்றது. பாட்டி சொல்லும் கதையில் வாக்கியத்துக்கு ஒன்றாக இவை வரும். நவீன வரலாற்று நூலில் இவை அருகியே வரும். வரலாறு கலந்த மர்ம நாவலின் உத்தி எளிது: பாட்டியின் செய்தியை வரலாற்றாசிரியரின் வினைமுற்றில் கூறுதல். ‘ஆம்’ நீங்கியவுடன் மூதாதைக் கதை ஆவணமாகி விடுகின்றது. ஆண்டும் ஊர்ப்பெயரும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமே இல்லாதது போன்ற தோற்றம் கிடைக்கும். எல்லைப்புறத்துத் தமிழர் இதனை விரைவில் உணர்கின்றனர். கொழிஞ்சாம்பாறையில் கணிதம் கற்பிக்கும் இளைஞர் ஒருவர், நாவலின் வரலாற்றுப் பகுதிகளை நண்பர்க்குத் தமிழில் சொன்னபோது தம்மை அறியாமல் ‘போனாராம், கற்றாராம்’ என்றே சொன்னதாகவும், சொல்லச் சொல்லத் தமக்கே நம்பிக்கை குறைந்ததாகவும் கூறினார். மொழியியலார் இதனினும் சிறந்த சோதனையை வகுத்தல் அரிது. அவ்விளைஞர் பின்னர் ‘யுக்திபாஷை’யைத் தேடிப் படிக்கத் தொடங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும், இத்தகைய நாவல்கள் வாசகரைக் கெடுக்கின்றன என்போர் இதையும் கணக்கிற் கொள்க.

அடுத்தது பெயர். ‘கோர’ என்பது கேரளச் சுரியானிக் கிறித்தவரிடையே சாதாரணமான பெயர். மலையாளம் படிப்பவர்க்கு அது அடுத்த வீட்டுக்காரர் பெயர். ஆகவே கதையை நம்பத் தூண்டுவது. தமிழ் எழுத்தில் எழுதும்போதோ சிக்கல் தோன்றுகின்றது. மலையாளத்தில் இப்பெயரும் ‘கொடுமை’ என்று பொருள்படும் வடசொல்லும் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குவன. தமிழில் இரண்டுக்கும் ககரம் ஒன்றே. நரமாமிசம் உண்பவனின் குலப்பெயரில் ‘கோரம்’ ஒலித்தால், வாசகர் அதனை ஆசிரியர் வேண்டுமென்றே இட்ட குறியீட்டுப் பெயராகக் கொள்வர். குறியீட்டுப் பெயர் கற்பனையின் அடையாளம். இறுதியை நீட்டிக் ‘கோரா’ என்று எழுதினால் அவ்வொலி ஓரளவு மறையும். ஆனால் தாகூரின் நாவல் நினைவுக்கு வரும்! இரண்டில் பின்னதே தீங்கு குறைந்தது என்பது என் கருத்து.

கூட்டத்தார் தம் மூதாதையைக் ‘கோரப்பாப்பன்’ என்கின்றனர். ‘பாப்பன்’ அப்பகுதிக் கிறித்தவர் வழக்கில் தந்தையின் உடன்பிறந்தாரைக் குறிக்கும் உறவுச்சொல். தமிழ்க் காதுக்கு அது ஒரு சாதிப்பெயரின் கொச்சை வடிவமாகக் கேட்கும். ‘கோரச் சித்தப்பா’ என்று பெயர்த்தால் வழிபாட்டின் கனம் நீங்கி வேடிக்கை ஆகிவிடும். நம் நாட்டுப்புறத் தெய்வங்களுக்கு அப்பன், ஐயன் என்று வழங்குவதை எண்ணிப் பார்த்தால் ‘கோரையப்பன்’ போன்ற வடிவம் தோன்றும். ஆனால் அது கிறித்தவச் சாயலை அழித்துவிடும். நான் மலையாளச் சொல்லையே விட்டு, முதல் வருகையில் கதைமாந்தர் ஒருவர் வாயிலாகப் பொருளை விளங்க வைப்பேன்.

வினைமுற்றில் மற்றோர் இடர் உண்டு. மலையாள வினைமுற்று பால், மரியாதை காட்டுவதில்லை. ‘வந்நு’ என்றால் போதும். தமிழில் ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? வழிபடுவோர்க்கு ‘வந்தார்’; சேவியருக்கு ‘வந்தான்’ ஆகலாம்; கதைசொல்லிக்கு? மூலம் தீர்ப்புக் கூறாது விட்ட இடத்தில் பெயர்ப்பாளர் தீர்ப்புக் கூறியே ஆக வேண்டும். வரலாற்று நூல்களில் அரசனைக் கூட ‘ஆண்டான்’ என்றே எழுதும் மரபு தமிழில் இருந்தது. அதனைக் கொண்டு கதைசொல்லிக்கு ‘வந்தான்’ எனக் கொள்ளின், நாவலின் ஆவணத் தொனியும் நிற்கும், கூட்டத்தாரின் பக்தி வேறுபட்டும் தெரியும்.

இவ்வளவு கூறியபின் ஒரு மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும். நாவலின் குறை அதன் வரலாற்றுத் துணிவில் இல்லை. காமமும் கொடுமையும் அளவிறந்து அடுக்கப்பட்டு, கணிதமும் வாணிகமும் பற்றிய சிறந்த பகுதிகளை அவை விழுங்கிவிடுகின்றன. பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை பல இடங்களில் பரபரப்புக்கான பொருளாகவே நிற்கின்றது. மூணாறுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்து ஆசிரியரான கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர் சொன்னதை இவ்விடத்தில் குறிப்பேன். திருச்சபை வரலாற்றைப் பற்றி நாவல் கூறுவன அவரைப் புண்படுத்தவில்லை. “பழைய சபைச் சண்டைகள் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு கிறித்தவக் கூட்டத்தைப் பெயருள்ள ஊரில் வைத்து, மனிதக் கறி தின்பவர்களோடு சேர்த்திருக்கிறார்; அதுதான் உறுத்துகிறது” என்றார்.

இவ்வுறுத்தல் மிகப் பழையது. உரோமப் பேரரசில் தொடக்ககாலக் கிறித்தவர்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் நரமாமிசம் உண்டனர் என்பது ஒன்று. நற்கருணை விருந்தைப் பிறர் பிழைபடக் கொண்டமையும் அதற்குக் காரணம் என்பர். அப்பழியை மறுத்தே தெர்த்துல்லியன் போன்றோர் எழுத நேர்ந்தது. அவ்வாசிரியை இவ்வரலாற்றைப் படித்தவர் அல்லர். படிக்காமலே அதன் வடுவைத் தொட்டுவிட்டார். நாவலை நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மாணவியர்க்குக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, பெரியவர்களுக்குக் கொடுப்பேன், யுக்திபாஷை வரும் இடங்களில் அடையாளம் வைத்துக் கொடுப்பேன் என்றார்.

ஊர்ப்பெயர் பற்றிய அவர் கருத்து, பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) பட்ட பாட்டை நினைவூட்டுகின்றது. எதிர்ப்பு எழுந்தபோது, அடுத்த பதிப்பில் திருச்செங்கோடு என்னும் பெயரை நீக்கிவிடுவதாக ஆசிரியர் கூறினார், எதிர்த்தோர் அமைதியடையவில்லை. 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் நாவலாசிரியரின் உரிமையை நிலைநிறுத்தியது. தமிழில் ஊர்ப்பெயரை நீக்கினால் நாவலின் மெய்ம்மை குன்றும். வைத்தால் அவ்வூரார்க்கு அது வரலாறாகிவிடும். இட்டிக்கோராவைப் பெயர்ப்பவர்க்குக் குன்னங்குளத்தை மாற்றும் உரிமை இல்லை. ஆனால் எந்த வாக்கியத்தில் ‘ஆம்’ வர வேண்டும், எதில் வரலாகாது என்பது அவர் கையில் உள்ளது; மலையாள மூலத்தில் ‘அத்ரே’ வரும் இடங்களை முதலில் எண்ணி வைத்துக்கொண்டு அவர் பணியைத் தொடங்கலாம்.