ஐந்தாவது ஆள்: சுற்றுலாக் கட்டணப் பட்டியலை வாசிப்பது பற்றி

போன மாதம் ஒரு ராத்திரி எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. ஒரு நாள் தீம் பார்க், மூன்று ராத்திரி கப்பல். எல்லாம் கையிருப்புக்குள் அடங்க வேண்டும். 'ஆட்கள்' என்ற கட்டத்தில் யோசிக்காமல் 4 என்று அடித்தேன். அடித்து முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள், என் அம்மா, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த 4 எங்கிருந்து வந்தது என்று தேடப் போனதன் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. கவிதையையும் நாவலையும் விமர்சனம் செய்கிறோம். ஆனால் நம் வீட்டு முடிவுகளைத் தீர்மானிக்கிற எழுத்து வேறு. கட்டணப் பட்டியல், பேக்கேஜ் விளம்பரம், 'குறைந்த செலவில் குடும்பத்தோடு' வகைக் கட்டுரைகள், காணொளிகள். இவற்றையும் ஒரு பிரதியாக உட்கார்ந்து வாசித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது.

முதலில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு முன்பதிவு மென்பொருளில் வேலை பார்த்தேன். பக்கத்தைத் திறந்ததும் 'பெரியவர் 2, சிறுவர் 2' என்று முன்கூட்டியே நிரம்பியிருக்கும். அந்த டீஃபால்ட்டை வைத்தவர்களில் நானும் ஒருவன். யாரும் அதைப் பற்றி விவாதித்ததாக நினைவில்லை. விவாதிக்காமல் வைக்கப்படுவதால்தான் அதற்கு டீஃபால்ட் என்று பெயர். அன்று நான் அடித்த 2+2, இத்தனை வருடம் சுற்றி வந்து என் வீட்டுத் தாளிலேயே உட்கார்ந்துகொண்டது.

கப்பலின் கணக்கு

கப்பல் கட்டணத்தில் விளம்பரப்படுத்தும் தொகை ஓர் ஆளுக்கானது. ஆனால் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால்தான் அந்த விலை. இந்த நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் கிட்டத்தட்ட இரண்டு ஆள் கட்டணம் கட்ட வேண்டிவரும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குத் தள்ளுபடி உண்டு. அவர்களுக்குச் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குகிற மடிப்புப் படுக்கை. இதற்கு மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊழியர் சேவைக் கட்டணம். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் 2020 அக்டோபர் 1 முதல் டிசிஎஸ் வரிப் பிடித்தமும் சேரும். பிறகு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், கட்டும்போது கையிலிருந்துதான் போக வேண்டும்.

ஓர் எளிய கணக்கு போடுவோம். உண்மையான விகிதம் கப்பலுக்குக் கப்பல் மாறும். நமக்கு வேண்டியது அமைப்பு மட்டும். முதல் இரண்டு பேருக்குத் தலா 100, மூன்றாவது, நான்காவது ஆளுக்குத் தலா 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் ஒரே அறையில்: 300. ஐந்து பேர் என்றால்? ஒரு சாதாரண அறையில் நாலு பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். மூன்று பேர் ஓர் அறை (250), இரண்டு பேர் இன்னோர் அறை (200). ஆக 450.

நாலாவது ஆளின் விலை 50. ஐந்தாவது ஆளின் விலை 150. மூன்று மடங்கு. அப்பத்தாக்கள் வீட்டில் தங்கிவிடுவதற்கு முட்டிவலி மட்டும் காரணம் இல்லை.

இதை வெறும் பேராசை என்று சொன்னால் அது நியாயமான விமர்சனம் ஆகாது. கப்பலில் ஆள் எண்ணிக்கை உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் முதல் சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை வந்தது. கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு ஏற்பாட்டில் இடம் வேண்டும். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். அதனால் நாலு படுக்கை அறையில் ஐந்தாவது ஆளை 'கொஞ்சம் ஒட்டி உட்காருங்க' என்று திணிக்க முடியாது. இதில் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு விளம்பரத்தின் மொழி மீது. 'குடும்பம்' என்று எழுதுகிற இடத்தில் 'நாலு படுக்கை' என்று எழுதியிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும். படுக்கையின் எண்ணிக்கை எப்போதோ உறவின் எண்ணிக்கையாகிவிட்டது.

தமிழர்களுக்குக் கப்பல் புதிது ஒன்றும் இல்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. அதன்பின் 'எம்.வி. சிதம்பரம்', 1985 தீ விபத்தோடு அதன் ஓட்டம் முடிந்தது. அவற்றில் போனவர்கள் பெரும்பாலும் டெக் பயணிகள். பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பிழைப்புக்குப் போனவர்கள். அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பிறகு 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் புறப்பட்டது. முதல்வர் கொடியசைத்து அனுப்பினார். பிழைக்கப் போன கடலில் பொழுதுபோக்கப் போகிறோம். நல்ல மாற்றம்தான். பாயிலிருந்து அறைக்கு வரும்போது யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ராட்டினத்தின் கணக்கு

விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினத்துக்குத் தனி டிக்கெட், மரணக் கிணறுக்குத் தனி டிக்கெட். ஏறாதவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். அம்மா பையைப் பிடித்துக்கொண்டு, டெல்லி அப்பளம் ஒன்றைப் பிய்த்துத் தின்றுகொண்டு கீழே நிற்பார். மேலே போகிற எங்களைப் பார்த்துக் கை அசைப்பார். அதுவும் ஒரு வகை விளையாட்டுதான்.

இந்த முறை நம் ஊர் பழக்கம் மட்டும் இல்லை. 1955இல் திறந்த டிஸ்னிலேண்டும் பல ஆண்டுகள் சவாரிக்குத் தனிச் சீட்டு கொண்ட புத்தகங்களைத்தான் விற்றது. 1982இல்தான் 'உள்ளே வர ஒரே விலை, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறு' என்று முழுக்க மாறியது. நுழைவுக்கு எவ்வளவு, சவாரிக்கு எவ்வளவு என்ற கேள்வியை வைத்து வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971இல் 'டிஸ்னிலேண்ட் சிக்கல்' பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரையே எழுதினார்.

இன்று பெரிய பூங்காக்கள் எல்லாம் ஒரே விலை முறைதான். அடிக்கடி ஏறுகிற பையனுக்கு அது லாபம். ஏறாமல் பை காக்கிற அப்பத்தா அந்த லாபத்துக்கு ஈடு கட்டுகிறார். மூத்தோர் தள்ளுபடி தருகிற இடங்கள் உண்டு. ஆனால் தள்ளுபடி வயதைப் பார்க்கிறதே தவிர, ஏறுகிறாரா இல்லையா என்பதைப் பார்ப்பதில்லை.

சிறுவர் கட்டணம் இன்னொரு வேடிக்கை. வொண்டர்லா போன்ற பூங்காக்களில் அது வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து. பாதுகாப்புக் கம்பி யாருக்குப் பொருந்தும் என்பதை உயரம்தான் சொல்லும் என்பதால் அதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் வீட்டில், என் மகளைச் சுவரோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டபோது, 'நல்லா வளந்துட்டா' என்று சந்தோஷப்பட வேண்டிய அப்பன், 'அய்யோ, பெரியாள் டிக்கெட் ஆயிருச்சே' என்று நினைத்தேன். பட்டியல் நம் வாயில் தன் வார்த்தையைப் போட்டுவிடுகிறது.

'செவ்வாய்க்கிழமை போங்க'

சிக்கனச் சுற்றுலா எழுத்தில் நல்லதும் உண்டு. கூடுதல் செலவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுகிறவர்கள், எதை முதலில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்மையிலேயே உதவுகிறார்கள். நானும் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் சொல்கிற ஒரு வரி: 'கூட்டம் இல்லாத வார நாளில், சீசன் இல்லாத மாதத்தில் போங்க, பாதி செலவு மிச்சம்.'

இதைச் சிவகாசியில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். பட்டாசு, தீப்பெட்டி வேலை பெரும்பாலும் பீஸ் ரேட். எத்தனை குரோஸ், எத்தனை கட்டு என்றுதான் கூலி. செவ்வாய்க்கிழமை லீவு என்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அப்படியானால் மிச்சம் எங்கே? கையில் போனஸும் ஆபீஸுக்கு விடுமுறையும் ஒன்றாகச் சேர்வது தீபாவளியை ஒட்டி. (எங்கள் பக்கம் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம், தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ்.) ஆனால் தீபாவளி கழிந்ததும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. அப்போது பெரியவர்களுக்கு வேலை. சம்பளத்தோடு லீவு உள்ளவன் எழுதிய ஆலோசனை இது. அதை எழுதியவர் தப்பானவர் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று சொல்ல மறந்தவர். நானும் சம்பளத்தோடு லீவு உள்ளவன்தான். அதனால்தான் இத்தனை நாள் இந்த வரி என் கண்ணில் உறுத்தவில்லை.

அம்மாவின் நோட்டு

இதற்கு எதிரே வைத்து வாசிக்க என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. தொண்ணூறுகளில் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது டூர் சீட்டு நடத்தினார். வாரம் பத்து ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை மெட்டடோர் வேன். சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் திருச்செந்தூர், கன்னியாகுமரி, குற்றாலம் என்று சுற்றித் திங்கள்கிழமை காலை வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தக் கணக்கு நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

அதில் மூன்று விலைதான்: 'ஆள்', 'அரை', 'மடி'. மடிப்பிள்ளைக்குக் காசு இல்லை. குடும்பம் என்ற தலைப்பே கிடையாது. ஒரு பெயருக்குக் கீழே அவரோடு வருகிறவர்கள்: மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், பக்கத்து வீட்டுப் பிள்ளை. வேன் நிறைந்தால்தான் தலைக்குச் செலவு குறையும். அதனால் ஒவ்வொரு கூடுதல் ஆளும் மற்றவர்களுக்கு லாபம். கப்பல் பட்டியலில் ஐந்தாவது ஆள் பாரம். இந்த நோட்டில் இருபதாவது ஆள் வரவு.

இதோடு நிறுத்தினால் அம்மாவுக்குப் பாராட்டுரை ஆகிவிடும், விமர்சனம் ஆகாது. நோட்டிலும் ஓட்டைகள் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறிய பெண்களின் உழைப்புக்கு அதில் ஒரு வரி கிடையாது. அரிசி, நல்லெண்ணெய்க்குக் கணக்கு உண்டு, கைக்கு இல்லை. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே பதினாலு வாரம் வரவு வைத்து, பிறகு பெயரை அடித்து, '140 திருப்பிக் கொடுத்தது' என்று எழுதியிருக்கிறது. ஏன் என்று இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அவ வீட்டுல பணமுடைய்யா" என்று மட்டும் சொன்னார். அந்த வேனும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. ஆனால் யார் ஏறவில்லை என்பது நோட்டில் பெயரோடு தெரிகிறது. என் எக்செல் தாளில் அதுகூடத் தெரியாது. அங்கே 4 மட்டும்தான் இருக்கும்.

ஆறாவது ஆள்

மறுநாள் காலையில் சொன்னேன். அம்மா, "எனக்கு எதுக்குய்யா கப்பலு? நீங்க போயிட்டு வாங்க. வீட்டப் பாத்துக்க ஆளு வேணாமா?" என்றார். இந்தப் பதிலைத்தான் நான் ராத்திரியே மனசுக்குள் எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் மனைவிதான், "அத்தை வேணாம்னு சொல்றது உங்களுக்கு வசதியா இருக்கு, இல்ல?" என்று கேட்டாள்.

தாளை மறுபடி திறந்தேன். நோட்டின் தர்க்கத்தைக் கப்பல் பட்டியலில் போட்டுப் பார்த்தேன். ஐந்து பேருக்கு 450. ஆறு பேருக்கு? மூன்று மூன்றாக இரண்டு அறை: 500. ஐந்தாவது ஆளின் விலை 150 என்றால் ஆறாவது ஆளின் விலை வெறும் 50. இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டால் ஆளுக்கு 100. விளம்பரத்தில் போட்ட அதே விலை. மூன்று ராத்திரியை இரண்டாகக் குறைத்தால், கட்டணம் ராத்திரிக் கணக்கில் இறங்கும் பட்சத்தில், ஆறு பேருக்கும் சேர்த்து 333. நாலு பேருக்கு மூன்று ராத்திரி 300 என்று போட்ட தாளில் இடிப்பது 33தான். அதற்கு வேறு எங்காவது கை வைத்துக்கொள்ளலாம்.

"சித்தி வந்தா நீ வருவியாம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ வருவாளா?" என்றார்.

சித்தி வருகிறார். தீம் பார்க் நாளன்று அவர்கள் இருவரும் மயிலாப்பூர்க் கோயிலையும் மெரினாவையும் பார்ப்பதாக அம்மாவே திட்டம் போட்டுவிட்டார். பை காக்க முழு டிக்கெட் எடுப்பானேன் என்பது அவர் வாதம். வால்டர் ஓய் கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

வாசிக்கிறவர்களுக்கு என் ஒரே பரிந்துரை: விலையைப் பார்ப்பதற்கு முன் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணாக இல்லாமல், பெயராக. யாரையாவது அடிக்க வேண்டி வந்தால் நம் கையால் அடிப்போம்.

நேற்று அம்மா போனில் சித்தியிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இரண்டு நாளைக்குக் கெடாமல் இருக்கப் புளிச்சோற்றில் எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று பேச்சு. வெளிச்சாப்பாட்டுக்குக் கப்பலில் அனுமதி இல்லை என்ற சின்ன எழுத்து வரியை நான் இன்னும் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.