டேங்க்: ஒரு சொல்லும் அதன் பல பொருள்களும்

'டேங்க்' என்பது தமிழ்நாட்டில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் அன்றாடம் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல். பள்ளி மாணவரிடம் இதற்குத் தமிழ் கேட்டால் 'தொட்டி' என்பார். சிலர் 'குளம்' என்பார். இரண்டும் தவறல்ல. ஆனால் இந்த இரண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் புகுந்தால் பிழை நேரும். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று சமன்படுத்தும் பழக்கம் எங்கே தவறுகிறது என்பதற்கு 'டேங்க்' நல்ல சான்று.

மயிலாப்பூரில் ஒரு சொல், பல பொருள்

மயிலாப்பூரில் 'டேங்க் பக்கத்தில்' என்றால் அது கபாலீசுவரர் கோயிலின் மேற்கே உள்ள தெப்பக்குளம். 'டேங்க் நிரம்பி வழிகிறது' என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால் அது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி. தரைக்குக் கீழே இருக்கும் தொட்டியைச் சென்னை மக்கள் டேங்க் என்பதில்லை, அது 'சம்ப்'. வண்டியில் எண்ணெய் நிரப்பும் கலமும் டேங்க். கழிவுநீர் சேர்வது செப்டிக் டேங்க். கோடையில் தெருவுக்குள் வரும் தண்ணீர் லாரியின் பெயரும் இதிலிருந்து பிறந்த 'டேங்கர்'தான்.

இங்கே குழப்பம் ஏதும் நேர்வதில்லை. பேசுபவரும் கேட்பவரும் ஒரே இடத்தில் இருப்பதால் சூழலே பொருளைக் காட்டிவிடுகிறது. எழுத்தில் அந்தச் சூழல் இல்லை. அதை மொழிபெயர்ப்பவர்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

சொல்லின் வரலாறு

இந்தச் சொல் இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவுக்கு வந்ததன்று; இந்திய மண்ணில் உருப்பெற்று ஆங்கிலத்துக்குள் போனது. நிலத்தடியில் மழைநீர் சேமிக்கும் அமைப்பைக் குஜராத், ராஜஸ்தான் பகுதிகளில் இன்றும் 'டாங்கா' என்பர். போர்ச்சுக்கீசிய மொழியிலும் நீர்நிலையைக் குறிக்க இதே ஒலியுடைய ஒரு சொல் உண்டு. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதி இந்த இரு மூலங்களையும் பற்றிப் பேசுகிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

முதல் உலகப் போரில் இச்சொல்லுக்குப் புதுப்பொருள் சேர்ந்தது. கவச வண்டிகளை உருவாக்கிய பிரிட்டன், அந்த இரகசியம் வெளியே தெரியாமலிருக்க அவற்றைத் தண்ணீர்த் தொட்டி என்று பொருள்படும்படி அழைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் அவை முதன்முதலாக இறங்கின. மறைப்புக்காக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் இதற்கு 'டாங்கி', 'பீரங்கி வண்டி' என்ற சொற்கள் வழங்குகின்றன. போர்ச் செய்தியில் 'தொட்டிகள் முன்னேறின' என்று எழுதினால் அகராதிப்படி சரிதான். ஆனால் படிப்பவர் சிரிப்பார்.

தமிழில் உள்ள சொற்கள்

தொட்டிப் பிழை சிரிப்போடு போய்விடும். நீர்நிலைப் பிழை அப்படிப்பட்டதன்று. ஆங்கிலேய அதிகாரிகள் 'டேங்க்' என்று ஒரே பெயரில் எழுதிய நீர்நிலைகளுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் இருந்தன.

ஏரி: வயலுக்குப் பாய்ச்சுவதற்காகக் கரை கட்டித் தேக்கிய நீர். வடமாவட்ட வழக்கு. எடுத்துக்காட்டு: மதுராந்தகம் ஏரி.
கண்மாய்: மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் பாசன நீர்நிலையின் பெயர்.
குளம்: திருநெல்வேலியிலும் இலங்கையின் வன்னியிலும் பாசன நீர்நிலை. கிளிநொச்சியின் இரணைமடுக்குளம் இவ்வகை.
தாங்கல், ஏந்தல்: சிறிய பாசன நீர்நிலைகள். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்னும் ஊர்ப்பெயர்களில் முதற்சொல் வாழ்கிறது.
ஊருணி: ஊரார் குடிநீருக்காகக் காத்த நீர்நிலை.
தெப்பக்குளம்: கோயிலுக்குரியது, தெப்பத் திருவிழா நடைபெறும் இடம்.
கேணி: மயிலாப்பூரை அடுத்த திருவல்லிக்கேணியின் பெயரில் இருப்பது.

இவற்றை வெறும் ஒருபொருட் பன்மொழி என்று கொள்ளக் கூடாது. நீர் யாருக்கு, எதற்கு என்பதை ஒவ்வொரு பெயரும் சொல்கிறது. மதுரை வண்டியூரில் ஒரு கண்மாயும் உண்டு, மாரியம்மன் தெப்பக்குளமும் உண்டு. இரண்டையும் 'வண்டியூர் டேங்க்' என்று எழுதினால், வயலுக்குரிய நீரும் விழாவுக்குரிய நீரும் ஒன்றாகிவிடும்.

பெயர் மங்கியதன் விளைவு

சென்னையின் பழைய ஆங்கில வரைபடங்களில் நுங்கம்பாக்கம் தொடங்கித் தெற்கே நீண்டு கிடந்த ஒரு பெரும் நீர்ப்பரப்பு 'லாங் டேங்க்' என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒரு பகுதிக்கு மயிலாப்பூர் டேங்க் என்றே பெயர். இன்று அந்தப் பெயரைக் கேட்பவர் கோயில் குளத்தையே நினைப்பார். 1920களில் தொடங்கிய மாம்பலம் குடியிருப்புத் திட்டத்தில் அந்த ஏரிப்பகுதி தியாகராய நகரானது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்க்க ஏரிதான் இல்லை.

ஏரியைத் தூர்த்தது ஒரு சொல்லின் குற்றம் அன்று. மனை தேவைப்பட்டது, நகரம் வளர்ந்தது. ஆனால் கரை, மதகு, கலங்கல், ஆயக்கட்டு என்ற உறுப்புகளெல்லாம் 'ஏரி' என்ற சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். 'டேங்க்' என்றால் வருவதில்லை. பெயர் மறந்தபின் அங்கே ஏரி இருந்ததை எடுத்துச் சொல்வதும் கடினமாகிறது.

இதில் ஆங்கிலத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 'லேக்' என்றால் இயற்கையாக அமைந்தது என்ற எண்ணம் வரும். 'டேங்க்' என்றால் மனிதர் வெட்டியது, கட்டியது என்பது விளங்கும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 பாசன நீர்நிலைகள் உள்ளன. அவை மனித உழைப்பால் ஆனவை. ஆண்டுதோறும் பராமரிக்க வேண்டியவை. செம்பரம்பாக்கம் ஏரியை 'லேக்' என்று எழுதும்போது அந்த உழைப்பு மறைகிறது. அந்த அளவில் பழைய 'டேங்க்' மேலானது.

மாணவர் கைக்கொள்ள வேண்டிய முறை

தமிழ் நிகண்டு மரபு இச்சிக்கலை முன்பே அறிந்திருந்தது. திவாகர நிகண்டில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் தனித் தொகுதிகளாகவும், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள் வேறொரு தொகுதியாகவும் அமைந்துள்ளன. இன்றைய மாணவர் கையில் இருக்கும் சிறு அகராதிகள் பெரும்பாலும் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே வரியில் முடிக்கப் பார்க்கின்றன. குறை அங்கே தொடங்குகிறது.

'டேங்க்' என்ற சொல்லைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகள் போதும். கலமா, நீர்நிலையா, போர்க்கருவியா? நீர்நிலை எனில் பாசனத்துக்கா, குடிநீருக்கா, கோயிலுக்கா? எந்த வட்டாரம்? மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செங்கல்பட்டு விவசாயியின் ஏரியைக் குளம் என்றும், சிவகங்கை விவசாயியின் கண்மாயை ஏரி என்றும் எழுதினால் பொருள் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அந்த ஊர்க்காரர் படித்தால், அது தம் ஊர் நீர் என்று அவருக்குத் தோன்றாது.