வகுப்பறைக்குள் வரும் காக்கி

2020 ஜூன் 19-ஆம் தேதி மாலை தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜும், அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸும் உயிரோடு வீடு திரும்பவில்லை. ஊரடங்கு நேரம் தாண்டியும் கைபேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதே அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம். காவலில் தாக்கப்பட்டு, 22-ஆம் தேதி இரவு மகனும் மறுநாள் அதிகாலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அந்த வாரம் தேரிக்காட்டு ஊர்களின் திண்ணைகளில் பெரியவர்கள் பேசியதைக் கேட்டபடி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள், பிறகு அதே வட்டாரத்துப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று ஏறிப் போனார்கள்.

காவல்துறையைப் பள்ளிக்கு அனுப்பும் திட்டங்கள் கைநீட்டுவதும் சரியாக அந்த வகுப்புகளை நோக்கித்தான். இதற்கு அரசு பணம் ஒதுக்குவது நல்லதா என்ற கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து எடைபோடுவது சுலபம். சாத்தான்குளத்தில் நின்று எடைபோட்டால்தான் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும்.

முதலில் கணக்கு. 2010-இல் கேரளம் 127 பள்ளிகளில் மாணவர் காவல் படைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆசிரியர்கள் பொறுப்பேற்று நடத்த, காவலர்கள் பயிற்சி கொடுக்க வந்தார்கள். அதே மாதிரியை மத்திய உள்துறை 2018 ஜூலையில் நாடு முழுவதற்கும் எடுத்துச் சென்று, பள்ளிக்கு 50,000 ரூபாய் என்ற வீதத்தில் நிதி வகுத்தது. 2022 செப்டம்பரில் சென்னைப் பெருநகரக் காவல்துறையின் 'சிற்பி' திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 மாணவர்கள், மொத்தம் 5,000 பேர்; ஒதுக்கீடு 4.25 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு நாலேகால் லட்சம், ஒரு பிள்ளைக்கு 8,500 ரூபாய். அரசுப் பள்ளி மாணவருக்கு இது சிறிய தொகை அல்ல.

இந்தப் பணத்துக்குப் பலன் இருக்கிறது. "சாப்பிடலைன்னா போலீசுல புடிச்சுக் குடுத்துருவேன்" என்ற மிரட்டலைக் கேட்டு வளராத பிள்ளை தமிழ்நாட்டில் குறைவு. அந்தப் பயத்தை உடைத்து, சட்டம் என்றால் என்ன, போதைப்பொருள் என்ன செய்யும், புகாரை எங்கே கொடுப்பது என்று நேருக்கு நேர் பேசும் ஒருவர் வகுப்புக்கு வருவது உண்மையிலேயே பெரிய காரியம். 2022-இல் கோவை மாவட்டக் காவல்துறை 'பள்ளிக்கூடம்' என்ற பெயரில் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய்ப் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பற்றிப் பேசியது. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் தாங்களாகவே வந்து, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள். அவற்றில் சில வழக்குகளாயின. தூத்துக்குடி மாவட்டக் காவல்துறையும் 'மாற்றத்தைத் தேடி' என்ற விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் கிராமங்களிலும் பள்ளிகளிலும் நடத்தியது. ஒரு குழந்தையின் வாயைத் திறக்கவைத்த முயற்சி எதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் கோவையில் பலன் தந்தது எது என்று பார்க்க வேண்டும். அணிவகுப்போ தொப்பியோ அல்ல. குழந்தையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டதும், கேட்டதன்மேல் நடவடிக்கை எடுத்ததும்தான். வாரத்துக்கு இத்தனை வகுப்பு, பயிற்சி, சீருடை என்று செலவைப் பிரிக்கும் திட்டங்களில், கேட்பதற்கென்று ஆளும் நேரமும் எவ்வளவு ஒதுக்கப்படுகின்றன என்பதே முதல் கேள்வி.

இரண்டாவது, இன்னும் ஆழமான ஒரு முரண்பாடு. போக்சோ சட்டத்தின் 24-ஆம் பிரிவு, குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. 2016-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகளும், குழந்தைகளோடு பழகும் காவலர் கூடியவரை சாதாரண உடையில் இருக்க வேண்டும் என்கின்றன. காக்கியைப் பார்த்தால் குழந்தையின் நாக்கு எழாது என்பதைச் சட்டம் இயற்றியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இங்கோ திட்டம் காக்கியைப் பள்ளிக்குக் கொண்டுவருவதோடு நிற்காமல் பிள்ளைகளுக்கும் சீருடை மாட்டுகிறது. கம்பீரம் என்று ஒரு பிள்ளை மகிழலாம். பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு அதே உடை வேறொன்றை நினைவூட்டலாம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களில், பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஓர் இளம்பெண்ணும் உண்டு. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் காவல்துறை நம்பிக்கையைக் கேட்டு வாங்க முடியாது. நடந்துகாட்டித்தான் பெற முடியும்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்குச் சாத்தான்குளமே சாட்சி. 1993-இல் ராமநாதபுரத்தில் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கிய 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பும், மக்களுக்கும் காவலர்களுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைக்கப் பிறந்ததுதான். காலப்போக்கில் சில இடங்களில் அதன் உறுப்பினர்கள் அதிகாரமே இல்லாமல் அதிகாரம் செய்வதாகப் புகார்கள் வந்தன. 2020 ஜூனில் சாத்தான்குளம் நிலையத்தில் நடந்தவற்றிலும் அவர்கள் பெயர் அடிபட்டது. ஜூலையில் தமிழக அரசு அந்த அமைப்பைத் தடைசெய்தது. யாருக்கு யார் பதில் சொல்வது என்பது எழுதப்படாத இடத்தில் நட்பும் அடியாள்தனமாக மாறிவிடும் என்று அன்று ஊர் கண்டது. அந்த நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் ஒவ்வொரு நாளும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவர் பதிவு செய்தார். கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் காவல் நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டுக்குப் போனது.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதையே வெளிநாட்டு அனுபவமும் சொல்கிறது. அமெரிக்காவில் 1999-க்குப் பின் மத்திய அரசு 75 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, பள்ளிகளுக்கென்று 6,500-க்கும் மேற்பட்ட காவலர்களை நியமிக்க உதவியது. 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி தொடக்கப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தபோது, பள்ளி மாவட்டத்துக்கென்றே தனிக் காவல்துறை இருந்தது. மொத்தம் 376 காவலர்கள் வந்து சேர்ந்தும் 77 நிமிடங்கள் வரை அவனை வீழ்த்தவில்லை. 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். மறுபுறம், பள்ளிக்குள் நடந்த சாதாரணச் சண்டைகளும் கைதில் முடிந்தன. கறுப்பினப் பிள்ளைகளே அதில் அதிகம் சிக்கினார்கள். ஈழத்தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த டொரண்டோவில் 2008-இல் வந்த பள்ளிக் காவலர் திட்டத்தை நகரப் பொதுப்பள்ளி வாரியம் 2017-இல் கைவிட்டது. பாதுகாப்பாக உணர்ந்ததாகப் பல மாணவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அச்சமும் கண்காணிக்கப்படும் உணர்வும் தங்களை வாட்டுவதாகச் சொன்ன பிள்ளைகளின் குரலை வாரியம் ஒதுக்கிவிடவில்லை.

அமெரிக்காவின் துப்பாக்கி நம் பள்ளிகளில் இல்லை. நம் பள்ளிகளின் ஆயுதம் சாதி. சாத்தான்குளத்துக்கு மேற்கே உள்ள நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு பட்டியலின மாணவரை அவருடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. தொடர்ந்த சீண்டல் தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். காரணம் கேட்ட பள்ளியிடம் நடந்ததைச் சொன்ன பிறகுதான் அந்தத் தாக்குதல். பள்ளி வாசலில் ஒரு காவலர் நின்றிருந்தால் இது நின்றிருக்குமா? வெட்டு விழுந்தது பள்ளியில் அல்ல, வீட்டில். அங்கே இல்லாமல் போனது, புகார் சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே போகாமல் காக்கும் ஓர் ஏற்பாடு.

அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஆணையம் 2024 ஜூனில் அறிக்கை தந்தது. 500-க்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. பகடிவதை, போதை, பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு ஆகியவற்றை அவர் கவனிப்பார். பிள்ளைகள் அவரிடம் ரகசியமாகப் புகார் சொல்லலாம். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 107-ஆம் பிரிவும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது தனிப் பணியிடம் அல்ல. திருவிழாப் பந்தோபஸ்து, நீதிமன்றம், ரோந்து என்று ஓடும் அதிகாரி ஒருவரின் தலையில் ஏற்றப்படும் கூடுதல் பொறுப்பு. பணம் தேவைப்படும் இடம் இதுதான்.

ஆகவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. சட்டத்தையும் உரிமையையும் சொல்லித்தர, கேட்டதன்மேல் நடவடிக்கை எடுக்க, காவலர் பள்ளிக்கு வரலாம், வர வேண்டும். ஒழுங்கைக் கட்டிக்காக்கவோ பயம் காட்டவோ ஆசிரியரின் பிரம்பைக் கைமாற்றி வாங்கிக்கொள்ளவோ அவர் வரக் கூடாது. வருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்மேல் உள்ள புகார்களைப் பார்க்க வேண்டும். அவர் சாதாரண உடையில் வர வேண்டும். அவர்மேல் புகார் சொல்லவும் பிள்ளைக்கு வழி இருக்க வேண்டும். அந்த வழி காவல்துறைக்கு வெளியே இருக்க வேண்டும். இவை எழுத்தில் இல்லாத திட்டத்துக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினாலும் அது வீண்.

அடுத்த நிதிநிலை அறிக்கையில் பள்ளிகளுக்கான காவல் திட்டங்களுக்குத் தொகை எழுதும்போது, பக்கத்து வரியில் பள்ளி நல அலுவலருக்கும் முழுநேரக் குழந்தைகள் நலக் காவல் அலுவலருக்கும் அரசு தொகை எழுத வேண்டும். அதுவரை பெற்றோரும் ஆசிரியர்களும் இரண்டு எண்களைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கட்டும்: குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் உதவி எண் 14417.