தாய் பெயர் இல்லாத வமிசாவளி

மலாக்கா செட்டிகளைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஓர் ஒப்பாரியுடனேயே தொடங்குகின்றனர். தமிழ் வணிகர் வழிவந்தோர் தமிழை மறந்தனரே, சேலையை விட்டுச் சாரோங் கெபாயா உடுத்தனரே என்பது பல்லவி. ஆயினும் மாரியம்மனைக் கைவிடவில்லையே என்பது அனுபல்லவி. இப்பாட்டின் குறை யாதெனில், பாதிக் குடும்பம் அதன் கண்ணில் படவே இல்லை.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வணிகர், காற்றுத் திரும்பும் வரை அத்துறைமுகத்தில் தங்க வேண்டியிருந்தது. தமிழ்ப் பெண்டிர் கப்பலேறுவது அந்நாளில் அரிது. மலாய், ஜாவானிய, சீனப் பெண்களை வணிகர் மணந்தனர். அந்த இல்லறத்தின் வழித்தோன்றல்களே காஜா பேராங் செட்டி கம்பத்தார். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபின் பெண்டஹாரா பதவி பெற்ற நைனா சாத்துவை வரலாறு அறியும். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலோடு தெய்வநாயகம் செட்டியின் பெயர் இணைந்து நிற்கிறது. பிள்ளை, நாயக்கர், பத்தர் என்ற பட்டங்களும் வழங்கி வருகின்றன. யாவும் ஆண்வழிச் சொத்து. இவர்கள் வீட்டு அடுப்பை மூட்டிய பெண்ணின் பெயர் என்ன?

பெயர் மறைந்தாலும் அவள் மறையவில்லை. போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படைக்கும் 'பார்ச்சு' படையலில் அவள் சமையல் மணக்கிறது. அவ்வீடுகளில் வழங்கும் மலாய் அவள் நாவிலிருந்து வந்தது. ஆகவே, இம்மக்கள் தாய்மொழியை மறந்தவர்கள் என்னும் குற்றச்சாட்டு சொல்லளவிலேயே பிழையானது. தாய் பேசிய மொழியைத்தான் அவர்கள் பேசுகின்றனர், மறந்தது தந்தைமொழி.

சிங்கப்பூர்த் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் 2006இல் வெளியிட்ட சாமுவேல் துரைசிங்கத்தின் ஆங்கில நூல், 'இந்திய பாபாக்களும் நோன்யாக்களும்' என்று தலைப்பிலேயே பெண்ணுக்கு இடம் தருகிறது. சடங்கையும் உணவையும் பேச்சையும் ஒருங்கே தொகுத்த பயன் அதற்கு உண்டு. தமிழில் அத்தகைய முயற்சி அருமை. ஏடு இல்லை, சான்று இல்லை என்று கைவிரிப்பதே இங்கு வழக்கமாகிவிட்டது.

சான்றின்மை மட்டுமே காரணமன்று என்பதற்குக் கனடா சாட்சி. 1670இல் பட்டயம் பெற்ற ஹட்சன் விரிகுடாக் கம்பெனியாரும் அவர்தம் போட்டியாளரும் மென்மயிர்த் தோல் வாணிகம் செய்தபோது, ஐரோப்பிய வணிகர் கிரீ முதலிய குடிகளின் பெண்களை அந்நாட்டு வழக்கப்படி மணந்தனர். அக்கம்பெனிகளின் ஏடுகளும் ஆண்கள் எழுதியவையே. ஆனால் 1980இல் நூல் வெளியிட்ட சில்வியா வான் கர்க், ஜெனிபர் பிரவுன் என்னும் இரு அறிஞரும் கடிதம், உயில், ஞானஸ்நானப் பதிவு ஆகியவற்றைப் பெண்களைத் தேடியே படித்தனர், கண்டனர். கேள்வி மாறியதும் பழைய ஏடு புதிதாய்ப் பேசிற்று.

வில்லியம் கொனோலி என்னும் வணிகரின் வழக்கு இதற்கு நல்ல சான்று. 1803இல் கிரீப் பெண்ணொருத்தியை மணந்து, ஏறத்தாழ 28 ஆண்டு வாழ்ந்து, 1832இல் அவளை விலக்கி வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். பின்னர் முதல் மனைவியின் மகன் சொத்துரிமை கோரி வழக்காடினான். 1867இல் மாண்ட்ரியல் நீதிமன்றம் கிரீ வழக்கப்படி நடந்த மணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வழக்கேட்டில் அத்தாயின் பெயர் சூசான் 'பா து நோம்'. பிரெஞ்சு மொழியில் அதற்குப் பொருள் 'பெயரில்லாதவள்'! அப்பெயரைக் கொண்டே மகன் வென்றான்.

நெகிரி செம்பிலானில், ரெம்பாவ் மாவட்டத்துப் பெடாஸ் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருக்கு இது தொலைவிடத்துக் கதையன்று. தோட்ட வேலிக்கு அப்பால் வாழும் மலாய்க்காரர் அடாட் பெர்பாத்தே மரபினர். அங்கே குலம் தாய்வழி, பரம்பரை நிலமும் பெண்வழி. 1909இல் அவ்வழக்க நிலங்களுக்கெனத் தனிச் சட்டமும் பிறந்தது. வேலிக்கு இப்பால் எல்லாம் தந்தை பெயர். அடையாள அட்டையில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று தந்தையின் பெயர் தொடரும். ஒரு தலைமுறையில் தாய் அழிந்துபோவாள். இரண்டு மரபும் அருகருகே பல்லாண்டு இருந்தும் ஒன்றையொன்று நோக்கியதில்லை என்பது விந்தையே.

கலப்பு மணமும் கலப்புப் பிறப்பும் மலாக்காவோடு நின்றுவிடவில்லை. மலாயாத் தோட்டங்களில் சீனக் குடும்பங்களில் பிறந்து தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்து, தமிழே பேசி, தீமிதித் திருவிழாவில் கரகம் எடுத்த பெண்கள் உண்டு. துரைமாருக்குப் பிறந்து, 'சட்டைக்காரப் பிள்ளை' என்ற முணுமுணுப்போடு லயத்தில் வளர்ந்தோரும் உண்டு. செக்ரோலில் இவர்கள் கூலிக் கணக்கின் ஒரு வரி, அவ்வளவே. பெற்றவள் யாரென்று காட்டும் பிறப்புச் சான்று இல்லாதபோது அடையாள அட்டைக்கே இடர் வருகிறது. பேரன் பேத்திகள் அரசு அலுவலகப் படியேறும்போதுதான் பாட்டியின் பெயர் தேவைப்படுகிறது.

தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிந்து, கணக்கேடுகள் கரையானுக்கு இரையானபின் மிஞ்சியிருப்பது முதிய பெண்களின் நினைவும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும் மருத்துவமனைப் பிறப்புக் குறிப்புகளுமே. தோட்ட வரலாறு எழுதுவோர் கங்காணி வந்த ஊரையும் கோயில் கட்டிய தலைவரையும் கேட்டுக் குறித்தாயிற்று. அக்கிழவிகளிடம் போய், இன்னாள் யார் வயிற்றில் பிறந்தாள் என்று கேட்பதே அடுத்த வேலை. அவர்களுள் பலருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.