குறுக்கெழுத்தும் மசலா மரபும்

நாளேட்டின் ஒரு மூலையில் அச்சாகும் குறுக்கெழுத்துப் புதிரைத் திறனாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளலாமா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். சொல்லைக் கருவியாகக் கொண்ட எதுவும் திறனாய்வுக்குப் புறம்பானதன்று என்பதே நம் கருத்து. நம் இல்லங்களில் காலைத் தேநீர் வேளையில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே தாளின்மீது குனிந்திருக்கும் காட்சியை நாம் அறிவோம். நிரம்பாத கட்டம் ஒன்று எஞ்சும்போது அடுக்களையை நோக்கி ஒரு குரல் எழும். அடுத்த வீட்டை நோக்கியும் எழும். அப்போது, “பிறரைக் கேட்டு நிரப்புவது ஏமாற்று” என்று ஒரு பிள்ளை முறையிடும். அம்முறையீடு நியாயமானதா? சிறு பிள்ளையின் கேள்வியாயினும், அறிவைத் தேடும் முறை பற்றிய கேள்வி அது.

வினா விடுத்து விடை காணும் கலை நமக்குப் புதிதன்று. தமிழில் முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் ‘ஆயிர மசலா’, வண்ணப் பரிமளப் புலவரால் இயற்றப்பட்டு 1572ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறியது. மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்பதே பொருள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள் தொடுத்த வினாக்களும் பெற்ற விடைகளுமே அந்நூலின் உள்ளீடு. அறியாததை அறிந்தவரிடம் கேட்பது இழுக்கன்று. உண்மையை நாடுவோனின் முதற்கடமை அது என்பதை அந்நூலின் அமைப்பே உணர்த்துகிறது. அதன் பின்னர் ‘நூறு மசலா’, ‘வெள்ளாட்டி மசலா’ போன்றவை தோன்றின. பின்னதில் அடிமைப் பெண்ணொருத்தி அறிஞர்களின் வினாக்களுக்கெல்லாம் தனித்து நின்று விடை கூறுகிறாள். ஆயிரத்தோர் இரவுகளில் வரும் தவத்துது கதையோடு நெருங்கிய உறவுடையது இது.

இங்கே வியப்பான தொடர்பொன்றைச் சுட்டுவது பொருந்தும். குறுக்கெழுத்து, ஆர்தர் வின் என்பவரால் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளேடொன்றில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. அதனை மறைபொருள் நிறைந்த கலையாக இங்கிலாந்தில் வளர்த்தவருள் முதல்வர் போவிஸ் மாதர்ஸ். ஆயிரத்தோர் இரவுகளை பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே! ஆயினும் தமக்கு அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர், ஸ்பெயின் நாட்டு மதவிசாரணைத் தலைவர் டார்க்கெமாடாவின் பெயர். அவருக்குப் பின் வந்தவர் ஸிமெனெஸ் என்னும் பெயரைப் பூண்டார். 1500ஆம் ஆண்டை ஒட்டிக் கிரனடாவில் அரபு நூல்களைத் தீக்கிரையாக்கிய கர்தினாலின் பெயர் அது. வாசகரை வதைப்பதே புதிரின் நோக்கம் என்னும் விளையாட்டுக் கொள்கை இப்பெயர்களில் தொனிக்கிறது. மற்றொருவரோ அஃப்ரீத் என்று பெயர் வைத்துக்கொண்டார். நம் மொழியில் இஃப்ரீத், ஆற்றல் மிக்க ஜின். வாசகனைத் திசை திருப்பலாம். ஆனால் புதிரமைப்போன் கருதிய பொருள் அவன் எழுதிய சொற்களுக்குள் நேர்மையாக அடங்கியிருத்தல் வேண்டும் என்று விதி வகுத்தவர் இவரே.

இவ்விதியை உரைகல்லாகக் கொண்டு தமிழ்ப் புதிர்களை நோக்குவோம். “நடுவில் ஓட்டை விழுந்த படகைப் பங்கிடு” என்று இரண்டெழுத்துக்கு ஒரு குறிப்பு அமைப்பதாகக் கொள்வோம். படகு என்பதன் நடுவெழுத்து விழுந்தால் எஞ்சுவது ‘பகு’. பங்கிடு என்பதன் பொருளும் அதுவே. விடைக்குச் செல்ல இரு வழிகள் இருத்தலால், கண்டவன் தானே சரிபார்த்துக் கொள்கிறான். மாறாக, “மனிதனை உயர்த்துவது” என்று குறிப்புத் தந்து, மூன்றெழுத்தில் முதலெழுத்து மட்டும் ‘க’ என்று அமைந்தால் கல்வியும் பொருந்தும், கருணையும் பொருந்தும். இரண்டில் ஒன்றைத் தவறென்று கூற எவருக்கும் உரிமையில்லை. இது புதிரன்று, திருவுளச்சீட்டு.

இக்குறை வெறும் இலக்கியக் குறையாக நின்றுவிடவில்லை. 1930களில் ‘ஆனந்த விகடன்’ நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. நாடெங்கும் நுழைவுக் கட்டணம் வாங்கிப் பெரும்பரிசு காட்டும் போட்டிகள் பெருகவே, 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம், மாதமொன்றுக்கு 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் போட்டிகளைத் தடுத்தது. 1957இல் உச்ச நீதிமன்றம், வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்திராத சூதாட்டப் போட்டிகளுக்கே இச்சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மைஸிர் என்று நம் மார்க்கம் விலக்கியதை நீதிமன்றம் தன் மொழியில் வகைப்படுத்தியதாகவே நாம் இதனைக் காண்கிறோம். கட்டணம் செலுத்தி, இரு விடை பொருந்தும் கட்டத்தில் ஒன்றை எழுதி, பரிசுக்குக் காத்திருப்பவன் அறிவையா நம்புகிறான்? நாளேட்டின் பரிசில்லாப் புதிரை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.

தமிழ்ப் புதிருக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கள், தமிழிலோ 247. ஒரு கட்டத்தில் ‘கி’ நின்றால் குறுக்கே செல்லும் சொல்லிலும் ‘கி’யே வேண்டும், ‘க’ உதவாது. ஆகவே சொற்களைக் கோப்பது கடினம். இதனால் நம் புதிரமைப்போர் வலமிருந்து இடமாகவும், கீழிருந்து மேலாகவும் சொற்களை ஓட்டுகின்றனர். இதைச் சிலர் குறை என்பர். அரபுத் தமிழில் வலமிருந்து இடமாகத் தமிழையே எழுதிப் பயின்ற கீழக்கரைக் குடும்பங்களுக்கு இது குறையாகத் தோன்றாது. ஆனால் எழுத்துக்களைக் கண்டபடி கலைத்துவிட்டு, “குழம்பியது” என்று ஒரு சொல்லால் தப்பித்துக்கொள்வதை நாம் ஒப்புவதற்கில்லை. அது அமைப்போனின் சோம்பல்; அதற்கு விலை கொடுப்பவன் வாசகன்.

இனி உதவி கேட்பதன் தகுதியைக் காண்போம். “மேல்காற்று” என்று நான்கெழுத்துக்குக் குறிப்பு வருவதாகக் கொள்வோம். நூல் கற்றவர் கோடை என்பார். அது இரண்டெழுத்து, கட்டம் நிரம்பாது. பாம்பனிலோ மண்டபத்திலோ வலை உலர்த்தும் ஒருவரிடம் கேளுங்கள், கச்சான் என்பார். கீழ்க்காற்றைக் கேட்டால் கொண்டல் என்பார். ஏட்டறிவு நின்ற இடத்தில் கடலறிவு கைகொடுக்கிறது. அவ்வாறே புராணப் பெயரொன்று புதிரில் வரும்போது நம் பிள்ளை பக்கத்து வீட்டுத் தமிழாசிரியரை நாடுகிறது. நோன்புக்காலச் சொல்லொன்று வரும்போது அவர் நம் திண்ணைக்கு வருகிறார். இக்கொடுக்கல் வாங்கல் ஏமாற்றாகுமா? ஒருவருக்குத் தெரிந்த சொல் மற்றவர் சொல்லைக் குறுக்கே தாங்கி நிற்பதுதானே குறுக்கெழுத்தின் இலக்கணம்! ஆயினும் நம் புதிர்களில் பள்ளிவாசலும் பாங்கும் மரைக்காயரும் அரிதாகவே இடம்பெறுவது ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தமிழ்ச் சொற்களஞ்சியத்தில் இவையும் தமிழே.

நாளேடே அரிதாயிருந்த காலத்தையும் இக்கரை கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் தொடர்வண்டி நில்லாமற் சென்றமையால், அவ்வூருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் வண்டியிலிருந்து நாளேட்டுக் கட்டுகள் வீசப்பட்டன. அவற்றைப் பொறுக்கி எடுக்க உதவிய சிறுவரே பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். அத்தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே மனிதரான ஜலாலுத்தீன், வேண்டுவோர்க்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்ததையும், எஸ்.டி.ஆர். மாணிக்கம் தம் வீட்டு நூல்களை இரவல் தந்ததையும் கலாம் தம் வரலாற்றில் நன்றியோடு பதிந்துள்ளார். இந்த இரு உதவிகளும் ஒரே வகையின அல்ல. கடிதத்தை எழுதித் தருவது அன்றைய தேவையைத் தீர்க்கும். நூலை இரவல் தருவதோ நாளைய தேவைக்கும் ஆளை ஆயத்தமாக்கும். புதிரிலும் அவ்வாறே. விடையைச் சொல்லிவிடுபவர் ஒரு கட்டத்தை நிரப்புகிறார். “ஓட்டை விழுந்தால் படகில் எது இல்லாமற் போகும்?” என்று திருப்பிக் கேட்பவர், இனி வரும் கட்டங்களையெல்லாம் நிரப்பக் கற்பிக்கிறார்.

இன்று கைப்பேசி நொடியில் விடையை உமிழ்கிறது. அதை நாம் பழிப்பதற்கில்லை. அரசியின் அரியணையைக் கொணர்பவர் யார் என்று சுலைமான் நபி (அலை) அவர்களே அவையில் கேட்டதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஆக, உதவி கேட்பது நபிமார்க்கும் இழுக்கன்று. அவர் எழுமுன் கொணர்வதாக இஃப்ரீத் முன்வந்தது; வேதத்தின் அறிவுடைய ஒருவரோ கண் இமைக்கும் முன் கொணர்வதாகக் கூறினார். வலிமையை அறிவு வென்ற இடம் அது. கைப்பேசி நமக்கு இஃப்ரீத்தாக இருக்கலாம். அறிவுடையோராக நம் பிள்ளைகளே வளர வேண்டும். ஆகவே முறையிடும் பிள்ளைக்கு நாம் கூறுவது இது: கேள், தாராளமாகக் கேள், விடையைக் கேளாதே, வழியைக் கேள்.