கற்பனைக்கு எங்கே இடம்?

நாவல் எழுதுகிறவன் ஆராய்ச்சி செய்ய வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்யத்தான் வேண்டும், ஆனால் ஆராய்ச்சி செய்துவிட்டதனாலேயே பொய் சொல்லாமல் தப்பிவிடலாம் என்று நினைக்கக் கூடாது என்றேன். அவருக்கு இந்தப் பதில் புதிராக இருந்தது. ஆராய்ச்சி செய்து பொய் சொன்ன ஓர் ஆசாமியை எனக்கு நன்றாகத் தெரியும். அது நான்தான். அந்தக் கதையைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

நாமக்கல்லிலிருந்து சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்ட வேண்டும். அந்த ஊருக்குப் பக்கத்தில், இரண்டாவது உலக மகாயுத்தத்தின்போது வெள்ளைக்காரர்கள் போட்ட விமானத்தளம் ஒன்று பாழாய்க் கிடக்கிறது. யுத்தகாலத் தளங்கள் நம் நாட்டில் இன்னும் உண்டு. சோழவரத்துத் தளம் பிற்பாடு மோட்டார்ப் பந்தயத்துக்குப் பெயர்போன இடமாயிற்று. உளுந்தூர்ப்பேட்டைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. வெடிப்புகளில் புல் முளைத்த ஓடுபாதையைப் பார்த்ததும் எனக்கு ஒரு நாவல் தோன்றிவிட்டது. பாழடைந்த எதைப் பார்த்தாலும் எழுத்தாளனுக்கு நாவல் தோன்றும். இது எங்கள் தொழிலின் வியாதி.

நாவலுக்குக் கதாநாயகி வேண்டுமே! புத்தகங்களைப் புரட்டினேன். கடல் கடந்து ஒரு கதை கிடைத்தது.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் மேற்கே ஸ்வீட்வாட்டர் என்று ஓர் ஊர். பெயர்தான் தித்திக்கும் தண்ணீர். ஊரோ புழுதிக் காற்றும் பாம்புகளும் நிறைந்த, பாலைவனத்தை ஒத்த வறண்ட சமவெளி. 1943-இல் அங்கே அவெஞ்சர் ஃபீல்டு என்ற விமானத்தளத்தில் பெண்களுக்கு ராணுவ விமானம் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். ஆண் விமானிகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, உள்நாட்டு வேலைகளைப் பெண்களைக்கொண்டு பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. படையின் சுருக்கப் பெயர் 'வாஸ்ப்'. இங்கிலீஷில் குளவி என்று அர்த்தம். ஜாக்குலின் காக்ரன் என்ற பெயர்பெற்ற விமானி அதன் தலைவி. 25,000 பேர் மனுப் போட்டார்கள். 1,830 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். 1,074 பேர் தேறினார்கள். டெக்ஸாஸுக்கு ரயில் சத்தம் அவரவர் கைக்காசு. போட்டுக்கொள்ளக் கொடுத்த உடுப்பு ஆண்களுக்குத் தைத்தது. கையையும் காலையும் சுருட்டி விட்டுக்கொண்டு நடமாடினார்கள்.

தொழிற்சாலையில் செய்த விமானங்களைத் தளங்களுக்கு ஓட்டிச் செல்வார்கள். பழுது பார்த்த விமானங்களை முதலில் ஓட்டிப் பார்ப்பதும் இவர்கள்தான். இன்னொரு வேலை உண்டு. விமானத்தின் பின்னால் நீளமான துணி இலக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும். தரையிலிருந்து சிப்பாய்கள் அதைப் பார்த்து நிஜக் குண்டுகளைச் சுட்டுப் பழகுவார்கள். பி-29 என்ற ராட்சச விமானத்தை ஓட்ட ஆண்கள் தயங்கியபோது, இரண்டு பெண்களைக்கொண்டு ஓட்டிக் காட்டி அவர்களை வெட்கப்பட வைத்ததும் நடந்தது.

38 பேர் இறந்து போனார்கள். சட்டப்படி இவர்கள் ராணுவத்தார் அல்லர். ஆகையால் உடலை ஊருக்கு அனுப்பச் சர்க்கார் செலவு செய்யவில்லை. கூட இருந்த பெண்களே வசூல் செய்து அனுப்பி வைத்தார்கள். 1944 டிசம்பர் 20-ஆம் தேதி படையையே கலைத்துவிட்டார்கள். தஸ்தாவேஜுகள் ரகசியமென்று கட்டி வைக்கப்பட்டன. முப்பது வருஷங்கள் கழித்து அமெரிக்க விமானப்படை, முதன்முதலாகப் பெண்களுக்கு ராணுவ விமானம் ஓட்டப் பயிற்சி தரப்போவதாகப் பெருமையோடு அறிவித்தது. அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருந்த பழைய விமானிகளுக்கு எப்படி இருந்திருக்கும்! அவர்கள் விடவில்லை. 1977-இல் சட்டம் அவர்களை யுத்த வீரர்களாக ஒப்புக்கொண்டது. 2010-இல் காங்கிரஸின் தங்கப் பதக்கம் வந்தது. அதை வாங்கிக்கொள்ளப் பலர் உயிரோடு இல்லை.

இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று பாருங்கள். சுருட்டி விட்ட உடுப்பை எடுத்துக்கொண்டேன். புழுதிக் காற்றை எடுத்துக்கொண்டேன். காவேரிக் கரையில் மோகனூரில் பிறந்த பெண் ஒருத்தியைச் சிருஷ்டித்து, விமானம் ஓட்டப் பழக்கி, ஓர் இருட்டு வேளையில் உளுந்தூர்ப்பேட்டையில் கொண்டுவந்து இறக்கினேன். மூன்று அத்தியாயங்கள் எழுதினேன். விமானத்தின் முள்கள், இயந்திரத்தின் சத்தம், இறங்குகிற விதம் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி சரியாக இருந்தன. படித்துப் பார்த்த இரண்டொருவர், "நேரில் பார்த்த மாதிரி இருக்கிறது" என்றார்கள். விவரங்கள் அத்தனையும் உண்மை, கதை பொய்.

ஏன் பொய்? நம் நாட்டில் நடந்தது வேறு. லாகூரில் 1936-ஆம் வருஷம் சரளா துக்ரால், 21 வயதுப் பெண், புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டி லைசென்ஸ் வாங்கினார். 1939-இல் அவருடைய கணவர் விமான விபத்தில் இறந்தார். விமானம் ஓட்டுவதையே தொழிலாகக் கொள்ள அவர் முயன்றபோது யுத்தம் வந்தது. சிவில் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். அவர் ஓவியப் பள்ளியில் போய்ச் சேர்ந்தார். அமெரிக்கப் பெண்களை விமானத்தில் ஏற்றிய அதே யுத்தம்தான் இவரை இறக்கிவிட்டது. என் மோகனூர்ப் பெண்ணுக்கு விமானத்தைக் கொடுத்தது யார்? அப்படி ஒரு தாராள மனம் படைத்த சர்க்காரை நானாக உண்டாக்கியிருந்தேன். அதுதான் நான் சொன்ன பொய்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். கல்கி செய்யவில்லையா? நந்தினியும் பூங்குழலியும் எந்தச் செப்பேட்டில் இருக்கிறார்கள்? நியாயமான கேள்வி. கல்கியும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் அவர் நந்தினியை நிற்க வைத்தார். அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த எவரையும் அவள் தள்ளிவிடவில்லை. கற்பனைப் பாத்திரத்துக்கு நான் வைக்கிற பரீட்சை இது ஒன்றே: அவள் வந்து நிற்பதற்காக வேறு யார் விலக வேண்டியிருக்கிறது?

ப. சிங்காரத்துக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. யுத்தகாலத்தில் அவர் மெடானில் இருந்தவர். 'புயலிலே ஒரு தோணி'யில் தெருக்களும் கடைகளும் அவர் கால் நடந்த இடங்கள்; ஆராய்ச்சியின் வியர்வை எங்கும் தெரிவதில்லை. தமிழில் யுத்தத்தைப் பற்றி அதற்கு நிகரான நாவல் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அது ஆண்கள் நடந்த உலகம். 1943-இல் சிங்கப்பூரில் டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை திரண்டபோது, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்கள் திரளாகச் சேர்ந்தார்கள். பால்மரம் சீவிய கை துப்பாக்கி பிடித்தது. நிஜமாகவே யுத்தத்துக்குப் போன தமிழ்ப் பெண்கள் அங்கே இருக்க, நான் டெக்ஸாஸிலிருந்து ஒருத்தியை இறக்குமதி செய்துகொண்டிருந்தேன்.

சரி, உளுந்தூர்ப்பேட்டையில் இருந்த பெண்கள் யார்? ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்த பிறகு இந்தியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்கள் போடத் திட்டமிட்டார்கள். இயந்திரம் போதாது, ஆள் பலத்தால்தான் பெரும்பாலும் வேலை நடந்தது. அந்நாளையப் புகைப்படங்களில் பார்க்கலாம்: விமானம் ஒரு பக்கம் நிற்கும், மறுபக்கம் தலையில் கூடையோடு பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பார்கள். படத்தின் கீழே விமானத்தின் பெயர் இருக்கும்.

மூன்று அத்தியாயங்களோடு மறுபடியும் உளுந்தூர்ப்பேட்டைக்குப் போனேன். ஓடுபாதை ஓரமாக ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கம்மா இங்கதான் சார் ஜல்லி சொமந்துச்சு. கல்யாணத்துக்கு மின்னாடி" என்றார்.

"பிளேன் இறங்கினதைப் பார்த்திருக்காங்களா, ஐயா?"

"எங்க பாக்கறது? வேல முடிஞ்சதும் கிட்ட சேக்கலியாம். தூரத்துல நின்னு பாத்துருக்குது. அதுக்குள்ள எத்தினி பேரு உக்காருவாங்க, எப்பிடி உக்காருவாங்கன்னு சாவுற வரைக்கும் எங்கள்லாம் கேக்கும். எங்களுக்கு மட்டும் என்னா தெரியும்?"

வீட்டுக்கு வந்ததும் அத்தியாயங்களைக் கிழித்துவிட்டேன். என் கதாநாயகியால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. அவளுக்குத்தான் பதில் தெரியுமே. அந்த அம்மாள் கேட்ட கேள்வியில் இருக்கிற நாவல் நான் எழுதிய மூன்று அத்தியாயங்களில் இல்லை. அவர் சுமந்து போட்ட கல்லின்மேல் அவரை விலகச் சொல்லிவிட்டு, என் பெண்ணின் விமானத்தை இறக்கியிருந்தேன்.

நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். ஸ்வீட்வாட்டர்ப் பெண்களைப் பற்றிப் படித்தது வீண் போகவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து நான் கற்றிருக்க வேண்டியது உடுப்பின் அளவை அல்ல. செத்துப் போனவளை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க, கூட இருந்தவர்கள் காசு வசூலித்தார்களே, அதைத்தான். சர்க்கார் கணக்கில் வராத செலவு அது. நம்முடைய ஓடுபாதைகளிலும் அப்படிக் கணக்கில் வராதவை எவ்வளவோ கிடக்கும். விசாரிக்கப் போகிறவன் கொஞ்சம் சீக்கிரமாகப் போக வேண்டும். ஆடு மேய்க்கிற பெரியவருக்கும் வயது எண்பதை நெருங்குகிறது.