திரைத்தமிழும் தலைமுறை மாற்றமும்

திரைப்படத் தமிழ் கெட்டுவிட்டது என்பது மூத்த தலைமுறையினர் பலர் கூறும் குறை. இதனை வெறும் பழமைப்பற்று என ஒதுக்குதல் எளிது. ஆயின் மொழியியல் நோக்கில் இது ஆராயத்தக்கது.

அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949), மு. கருணாநிதி உரையாடல் எழுதிய ‘பராசக்தி’ (1952) ஆகியவற்றின் வழி மேடைப்பேச்சின் மோனையும் அடுக்குத்தொடரும் திரையில் வேரூன்றின. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. எனவே எழுத்தறியாதார் பலர்க்கு உயர்வழக்கு செவிவழியே வாய்த்தது. அரசியல் அதனால் வலுப்பெற்றது, மொழியும் பரவியது.

பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) போன்ற படங்களில் நிலைமை மாறியது. முன்னர்ப் பெரிதும் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கும் பணியாளர்க்கும் உரியதாயிருந்த பேச்சுவழக்கு, தலைமை மாந்தரின் காதலையும் துயரையும் தாங்கலாயிற்று. இதனைச் சிதைவு எனல் பொருந்தாது. பெர்கூசன் 1959இல் விளக்கிய இரட்டைவழக்குக் கொள்கையின்படி, இரு வழக்குகளுக்கும் தனித்தனிக் களங்கள் உண்டு. இங்கு மாறியது களமேயன்றி மொழித்தரம் அன்று.

மேலும், மூத்தோர் போற்றும் அத்தமிழும் ஒரு காலத்து இளைஞர் புகுத்திய புதுமையே. ஆயினும் அவர்தம் கவலையில் ஓர் உண்மை உண்டு. உயர்வழக்கைக் கேட்டுச் சுவைக்கும் பொதுக்களம் சுருங்கியபின், அப்பொறுப்பு பெரும்பாலும் பள்ளியின்மேல் விழுந்துள்ளது. பள்ளியோ அதனைத் தேர்வுக்குரியதாகவே பயிற்றுகிறது. காக்க வேண்டியது பழைய உரையாடலை அன்று. அதனைச் செவியால் நுகரும் ஆற்றலையே எனலாம்.